இடைக்கண்டம் உருளையாகும்போது

பத்தாம் வகுப்புக் கணித ஆசிரியர்கள் அனைவருக்கும் பழக்கமான கணக்கு இது. இடைக்கண்டம் ஒன்றின் உயரம் 45 செ.மீ.; வட்ட முனைகளின் ஆரங்கள் 28 செ.மீ., 7 செ.மீ. கன அளவு என்ன? ஆரங்களின் வர்க்கங்கள் 784, 49. ஆரங்களின் பெருக்கற்பலன் 196. மூன்றையும் கூட்டினால் 1,029. அதை உயரத்தில் மூன்றில் ஒரு பங்கான 15-ஆலும், பையின் மதிப்பு 22/7-ஆலும் பெருக்கினால் 48,510 கன செ.மீ. கிடைக்கும்.

சில விடைத்தாள்களில் 57,750 என்று இருக்கும். வழிமுறையைப் பார்த்தால், பெருக்கற்பலன் இரண்டு மடங்காகியிருப்பது தெரியும். இரண்டு உறுப்புகளின் கூட்டலை வர்க்கப்படுத்தும் முற்றொருமை அந்த மாணவரின் கையில் அவ்வளவு ஊறியிருக்கிறது. வர்க்கங்கள் இரண்டைக் கண்டதுமே இரண்டு மடங்கும் தானாக வந்து சேர்ந்துவிடுகிறது. பிழையின் அளவு 9 லிட்டருக்கு மேல். என்றாலும் விடையைப் பார்த்தால் சந்தேகம் எழாது. பிரதியிடலில் குறையில்லை, அலகும் சரி.

இந்தப் பிழையை மாணவரே அரை நிமிடத்தில் பிடிக்கலாம். இரண்டு ஆரங்களையும் சமமாக்கினால் இடைக்கண்டம் உருளையாகிவிட வேண்டும். சரியான சூத்திரத்தில் ஆரத்தின் வர்க்கம் மூன்று முறை வருகிறது. மூன்றால் வகுபட்டு உருளையின் கன அளவு அப்படியே கிடைக்கிறது. தவறான சூத்திரத்திலோ நான்கு முறை வருவதால், உருளையைப்போல் மூன்றில் நான்கு மடங்கு என்று நிற்கிறது. அங்கேயே குட்டு உடைந்துவிடும்.

சிறிய ஆரத்தைப் பூச்சியமாக்கினால் கூம்பு கிடைக்க வேண்டும் என்பது இன்னொரு சோதனை. ஆனால் இதில் தவறான சூத்திரமும் தேறிவிடும், ஏனென்றால் இரண்டு மடங்கான உறுப்பே மறைந்துபோகிறது. சோதனை பிழையைக் காட்டிக்கொடுக்கும். சூத்திரம் சரி என்று நிரூபிக்காது. இந்த வேறுபாட்டைப் பத்தாம் வகுப்பிலேயே உணர்த்த இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

இந்த வடிவத்துக்கு நீண்ட வரலாறும் உண்டு. மாஸ்கோ பாப்பிரஸ் என்று அறியப்படும் எகிப்தியச் சுவடி ஏறத்தாழ கி.மு. 1850-ஐச் சேர்ந்தது. அதன் 14-ஆவது கணக்கு, சதுர அடிப்பக்கமுள்ள, உச்சி வெட்டப்பட்ட பிரமிடைப் பற்றியது. அடிப்பக்கம் 4, மேற்பக்கம் 2, உயரம் 6. எழுத்தர் 16, 8, 4 ஆகியவற்றைக் கூட்டி 28 என்கிறார்; உயரத்தில் மூன்றில் ஒரு பங்கான 2-ஆல் பெருக்கி 56 என்று முடிக்கிறார். பெருக்கற்பலன் அங்கேயும் ஒரே ஒரு முறைதான்.

பொதுத்தேர்வில் சூத்திரப் பட்டியல் தரப்படுவதில்லை. அதனால் திருப்புதல் மாதங்களில் முக்கியச் சூத்திரங்களைத் தொகுத்து மனப்பாடம் செய்யவைப்பது இயல்பு. அதை இவ்விதழ் குறை கூறவில்லை. மனப்பாடம் தேவைதான். ஆனால் தேர்வறைப் பதற்றத்தில் முதலில் நழுவுவது ஒரு குறியோ ஒரு கெழுவோதான். அந்த நேரத்தில் கைகொடுக்கும் சோதனையும் சூத்திரத்தோடு சேர்ந்தே மாணவரிடம் போக வேண்டும்.

ஹெரானின் சூத்திரத்தில் 3, 4, 7 என்ற பக்கங்களை இட்டால் பரப்பு பூச்சியம். முக்கோணம் கோடாகப் படுத்துவிட்டது. 3, 4, 8 என்று இட்டால் வர்க்கமூலத்துக்குள் குறை எண் வருகிறது; அப்படியொரு முக்கோணமே இல்லை என்று சூத்திரமே சொல்லிவிடுகிறது. முதல் சில இயல் எண்களின் வர்க்கங்களைக் கூட்டும் சூத்திரத்தை ஒன்றில் மட்டும் சோதிப்பது போதாது, இரண்டிலும் சோதிக்க வேண்டும். இருபடிச் சமன்பாட்டுக்கு மாறிலி உறுப்பைப் பூச்சியமாக்கினால் ஒரு மூலம் பூச்சியமாக வேண்டும். வகுத்தல் கோட்டை வர்க்கமூலத்துக்கு அடியில் மட்டும் போட்டவர் அங்கே சிக்கிக்கொள்வார். ஆனால் இந்தச் சூத்திரத்தை வருவித்துக் காட்டாமல் விடக்கூடாது. சமன்பாடு முழுவதையும் முதல் கெழுவின் நான்கு மடங்கால் பெருக்கி வர்க்கம் நிரப்பும் ஸ்ரீதரரின் வழியில் பின்னமே குறுக்கிடாது. அவருடைய இயற்கணித நூல் கிடைக்கவில்லை. இரண்டாம் பாஸ்கரர் எடுத்தாண்டதால் அந்த விதி நம் கைக்கு வந்தது.

தேற்றங்களிலும் இதே முறை செல்லும். 6, 8 செ.மீ. நீளமுள்ள இரண்டு குச்சிகளை ஒரு முனையில் இணைத்து, விரித்தும் மடக்கியும் காட்டினால் போதும். முழுவதும் மடங்கும்போது மற்ற முனைகளின் இடைவெளி 2, நேராக விரியும்போது 14. இடையில் 10 வருவது செங்கோணத்தில் மட்டுமே. பிதாகரஸ் தேற்றத்தின் நிபந்தனையும் மறுதலையும் ஒரே அசைவில் கண்முன் நிற்கின்றன. கோண இருசமவெட்டித் தேற்றத்தில் விகிதத்தைத் தலைகீழாக எழுதுபவருக்கு 6, 3 பக்கங்களும் 6 அடிப்பக்கமும் கொண்ட முக்கோணத்தை வரையச் சொல்லலாம். வெட்டும் புள்ளி அடிப்பக்கத்தில், குட்டைப் பக்கத்தின் முனையிலிருந்து 2 செ.மீ. தொலைவில் விழுவதை அளவுகோலே காட்டும்.

வகுப்புத் தேர்வுகளுக்கு வினாத்தாள் அமைப்பவர்களிடம் இவ்விதழ் ஒரு வேண்டுகோள் வைக்கிறது. கன அளவைக் கேட்கும் ஐந்து மதிப்பெண் வினாக்களில் ஒன்றையாவது மாற்றுங்கள். பெருக்கற்பலன் இரட்டித்த அந்தத் தவறான சூத்திரத்தைக் கொடுத்து, அது ஏன் சரியாக இருக்க முடியாது என்று எழுதச் சொல்லுங்கள். ஆரங்களைச் சமமாக்கிய வரிக்கு இரண்டு மதிப்பெண்ணும், உருளையோடு ஒப்பிட்டு முடிவு சொன்னதற்கு மூன்றும் வழங்கலாம்.