ஈறுகளைக் காப்பவருக்கு ஒரு நாற்காலி வேண்டும்

2024-ல் ரயில்வே தேர்வு வாரியங்கள் மருத்துவத் துறை சார்ந்த 1,376 பணியிடங்களுக்கு ஆள் எடுக்க அறிவிப்பு வெளியிட்டன. செவிலியர் கண்காணிப்பாளர் பணியிடங்கள் மட்டும் அதில் 713. டென்டல் ஹைஜீனிஸ்ட் பணியிடங்கள் 3. அறிவியல் பட்டம், இரண்டாண்டு ஹைஜீனிஸ்ட் படிப்பு, இரண்டாண்டு அனுபவம் எல்லாம் கேட்டு, 35,400 ரூபாய் தொடக்க அடிப்படைச் சம்பளம் தருகிற வேலை. நல்ல வேலைதான். ஆனால் குமரி முதல் காஷ்மீர் வரை ஆஸ்பத்திரிகள் நடத்துகிற ரயில்வே ஒரு சுற்றில் மூன்று பேரைத்தான் தேடுகிறது என்றால், பிளஸ் டூ முடித்துவிட்டு இந்தப் படிப்பில் சேரலாமா என்று யோசிக்கும் பிள்ளைக்கு என்ன பதில் சொல்வது?

சேரலாம். எதில் கால் வைக்கிறோம் என்று தெரிந்துகொண்டு சேர வேண்டும். இவ்வளவு தேவையான ஒரு தொழிலை இவ்வளவு ஒடுக்கி வைத்திருப்பது நம் சுகாதார அமைப்பின் பெரிய குறை என்பதையும் அதோடு சேர்த்தே சொல்லியாக வேண்டும்.

இப்படி ஒரு தொழில் தனியாக இருப்பதே பலருக்குத் தெரியாது. 1948-ல் இந்தியா கொண்டுவந்த பல் மருத்துவர்கள் சட்டத்திலேயே ஹைஜீனிஸ்டுக்கு இடம் இருந்தது. பல் மருத்துவராகவோ பொது மருத்துவராகவோ இல்லாமல், பல்லில் படிந்ததை நீக்கி, சுத்தம் செய்து, மெருகேற்றுகிறவர், அல்லது பல்லைப் பேணும் முறையைச் சொல்லித் தருகிறவர் என்று அந்தச் சட்டம் விளக்கம் தந்தது. மாநில அளவில் இவர்களுக்கென்று தனிப் பதிவேடும் வைக்கச் சொன்னது. சட்டம் வந்து முக்கால் நூற்றாண்டு கடந்துவிட்டது. கிளினிக் வாசலில் நின்று விசாரித்தால், ‘ஸ்கேலிங்கா? டாக்டரே பண்ணிடுவார்’ என்ற பதில்தான் இன்றும் வருகிறது.

வேலையைக் கிட்டே போய்ப் பார்த்தால்தான் அதன் நுணுக்கம் புரியும். நோயாளி நாற்காலியில் சாய்ந்ததும் சர்க்கரை உண்டா, ரத்த அழுத்தம் உண்டா, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுக்கிறாரா என்று ஹைஜீனிஸ்ட் விசாரிக்க வேண்டும். பிறகு மில்லிமீட்டர் கோடு போட்ட மெல்லிய கம்பி ஒன்றைப் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே பூப்போல இறக்குவார். ஒரு பல்லுக்கு ஆறு இடம். ஞானப்பல் நீங்கலாக 28 பல் இருந்தால் 168 அளவுகள். மூன்று மில்லிமீட்டருக்குள் நின்றால் கவலையில்லை. நாலு, ஐந்து என்று ஏறினால், ஈறு பல்லை விட்டு விலகத் தொடங்கிவிட்டது என்று பொருள். ‘மூணு, ரெண்டு, மூணு... அஞ்சு’ என்று அவர் சொல்லச் சொல்ல, பக்கத்தில் ஒருவர் குறித்துக்கொள்ள வேண்டும். நம் ஊரில் பல கிளினிக்குகளில் குறிப்பதற்கு ஆள் இல்லை என்பதாலேயே அளப்பதும் நடப்பதில்லை.

அடுத்தது காரையை எடுப்பது. தினமும் பல்லில் படிகிற மெல்லிய படலத்தைத் துலக்கி எடுக்காமல் விட்டால், எச்சிலில் இருக்கும் தாதுக்கள் சேர்ந்து சில நாட்களிலேயே அது இறுகத் தொடங்கிவிடும். இறுகிய பிறகு எந்த பிரஷும் அதை அசைக்காது. நொடிக்கு 25,000 முறைக்கு மேல் அதிரும் கருவியின் முனையை வைத்துப் பெரிய கட்டிகளை உடைக்கலாம். ஈறுக்குக் கீழே, வேரோடு ஒட்டிக் கிடப்பதை எடுப்பது வேறு கதை. அங்கே கண் எட்டாது. பக்கத்துப் பல்லின் மீது ஒரு விரலை ஊன்றி, வளைந்த சிறு கத்தி போன்ற க்யூரெட்டை உள்ளே விட்டு, விரல் நுனியில் தட்டுப்படும் சொரசொரப்பை வைத்தே எங்கே காரை, எங்கே வேர் என்று பிரித்தறிய வேண்டும். கருவி மழுங்கியிருந்தால் காரை வராது. அழுந்தித் தேய்ந்து இன்னும் வழவழப்பாகிவிடும். அதனால் சாணைக்கல்லில் க்யூரெட்டைத் தீட்டுவதும் இந்த வேலையில் அடக்கம். இதெல்லாம் பத்து நிமிடத்தில் முடிகிற காரியமே அல்ல.

முடித்துக் கண்ணாடியைக் கையில் கொடுத்ததும் நம் ஊர் நோயாளி சொல்லும் முதல் வார்த்தை பெரும்பாலும் நன்றி அல்ல. ‘என்னம்மா, பல்லெல்லாம் சந்து விழுந்த மாதிரி இருக்கே?’ என்பதுதான். க்ளீன் பண்ணினால் பல் ஆடும், எனாமல் தேயும் என்ற பயம் தலைமுறை தலைமுறையாக இருக்கிறது. ‘அந்தச் சந்து முன்னாடியே இருந்துச்சு ஐயா, காரை அடைச்சிக்கிட்டு இருந்ததால தெரியல. வீங்கின ஈறும் இப்ப வத்தும். ரெண்டு மூணு நாளைக்குக் கூச்சம் இருக்கும், அப்புறம் சரியாயிடும்’ என்று ஒரு நாளைக்குப் பலமுறை, அலுக்காமல், முதல் தடவை சொல்வதுபோலவே சொல்லத் தெரிய வேண்டும். புகையிலை போடுகிறவரிடம் முகம் சுளிக்காமல் பேச வேண்டும். இரவில் பல் துலக்காத வீட்டில், அந்தப் பழக்கத்தை யாரையும் குற்றவாளியாக்காமல் நுழைக்க வேண்டும். கருவி பிடிக்கக் கற்பதைவிட இந்தப் பேச்சைக் கற்பதற்குத்தான் அதிக நாள் பிடிக்கும்.

இந்த உழைப்புக்கு என்ன பலன்? உலகப் பல் மருத்துவம் இதற்கான பாதிப் பதிலைத் தமிழர்களின் வாயிலிருந்துதான் எடுத்தது.

நார்வேயைச் சேர்ந்த ஆய்வாளர் ஹரால்ட் லோவின் குழு 1970-ல் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் 480 ஆண் தொழிலாளர்களின் ஈறுகளை அளந்தது. அவர்கள் மலையகத் தமிழர்கள். பல் மருத்துவமோ தடுப்புத் திட்டமோ எதுவும் அவர்களை எட்டியிருக்கவில்லை. அதனால்தான் அவர்களைத் தேர்ந்தெடுத்தார்கள்: யாரும் தலையிடாவிட்டால் ஈறு நோய் எப்படிப் போகும் என்று பார்ப்பதற்காக. 15 ஆண்டுகள் அதே ஆட்களைத் திரும்பத் திரும்பச் சோதித்து 1986-ல் முடிவை வெளியிட்டார்கள். சுமார் 11 சதவீதம் பேருக்கு நோய் முற்றவில்லை. 81 சதவீதம் பேருக்கு மிதமான வேகத்தில் வளர்ந்தது. 45 வயதில் சராசரியாக ஏழு பற்கள் போயிருந்தன. மீதி 8 சதவீதம் பேருக்கு 35 வயதில் 12 பல், 40 வயதில் 20 பல் போயிருந்தன; 45 வயதில் ஒரு பல்கூட மிச்சமில்லை. ஈறு மருத்துவப் பாடப்புத்தகங்களில் இந்த எண்கள் இன்றும் இருக்கின்றன. கொழுந்து பறித்துக் கிடைத்த கூலியில் வாழ்ந்த குடும்பங்களின் பற்கள் அவை என்பதைப் படிக்கிற மாணவர் நினைத்துப் பார்க்க வேண்டும்.

மீதிப் பதில் ஸ்வீடனில் கிடைத்தது. ஏறக்குறைய அதே காலத்தில் கார்ல்ஸ்டாட் என்ற ஊரில் பேர் ஆக்செல்சனும் யான் லிண்டேயும் ஓர் ஆய்வைத் தொடங்கினார்கள். 375 பேருக்கு ஹைஜீனிஸ்ட் மூலம் தொடர்ந்து சுத்தம் செய்து, துலக்கும் முறையைச் சொல்லிக் கொடுத்தார்கள். முதல் இரண்டு ஆண்டுகள் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. பிறகு ஆளுக்குத் தக்கபடி மூன்று மாதம் முதல் ஓராண்டு வரை இடைவெளி. இப்படி முப்பது ஆண்டுகள். கடைசிவரை நின்ற 257 பேரில், தொடக்கத்தில் 36 வயதுக்குக் கீழே இருந்தவர்கள் சராசரியாக அரைப் பல்கூட இழக்கவில்லை. 50 வயதைக் கடந்து சேர்ந்தவர்களும் இரண்டு பல்லுக்குக் குறைவாகவே இழந்தார்கள். போன பற்களிலும் பெரும்பாலானவை வேர் முறிந்ததால் போனவை. ஒரு பக்கம் 45 வயதில் வெறும் ஈறு, மறுபக்கம் 80 வயதிலும் கடித்துச் சாப்பிடும் வாய். உணவு, வருமானம், புகையிலை எல்லாவற்றுக்கும் இதில் பங்கு உண்டுதான். ஆனாலும் இடையில் நின்ற ஹைஜீனிஸ்டின் கையின் பங்கை யாரும் மறுக்க முடியாது.

இந்தத் தொழில் பிறந்ததே இப்படி நோயை வருமுன் தடுக்கத்தான். அமெரிக்காவின் பிரிட்ஜ்போர்ட் நகரில் ஆல்ஃபிரட் ஃபோன்ஸ் என்ற பல் மருத்துவர், தன் உதவியாளரும் உறவுக்காரருமான ஐரீன் நியூமனுக்கு 1906-ல் பல் சுத்தம் செய்யும் பயிற்சி கொடுத்தார். 1913-ல் அதற்கென்றே ஒரு பள்ளி தொடங்கினார். அங்கே படித்தவர்கள் நகரின் பள்ளிக்கூடங்களுக்குப் போய்ப் பிள்ளைகளின் பற்களைக் கவனித்தார்கள். நியூமனுக்கு 1917-ல் முறையான உரிமம் கிடைத்தது.

சேர நினைப்பவர்கள் உடம்பைப் பற்றியும் யோசிக்க வேண்டும். கழுத்தைச் சாய்த்து, கையைத் தூக்கிப் பிடித்து, விரலை இறுக்கி மணிக்கணக்கில் செய்கிற வேலை இது. பல நாடுகளில் நடந்த ஆய்வுகளில் ஹைஜீனிஸ்டுகளில் பாதிக்கும் மேற்பட்டோர் கழுத்து, தோள், மணிக்கட்டு வலியைச் சொல்லியிருக்கிறார்கள். சரியான உயரத்தில் ஸ்டூல், உருப்பெருக்கிக் கண்ணாடி, நோயாளிக்கு நோயாளி சிறு இடைவெளி ஆகியவற்றை ஆடம்பரமாக நினைக்கும் முதலாளியிடம் சிக்கினால் நாற்பது வயதுக்குள் கை ஓய்ந்துவிடும். அதிர்வுக் கருவி கிளப்பும் நுண்துளிகள் எச்சிலையும் ரத்தத்தையும் காற்றில் தூவும். 2020-ல் கொரோனா வந்தபோது பல நாடுகளில் பல் கிளினிக்குகள் மூடப்பட்டதற்கு இதுவும் ஒரு காரணம். ஹெபடைடிஸ் பி தடுப்பூசியை முழுமையாகப் போட்டுக்கொள்ளாமல் ஒருநாள்கூட இந்த வேலைக்குள் கால் வைக்கக் கூடாது.

வெளிநாட்டுக் கணக்கும் பலர் மனதில் ஓடும். அமெரிக்காவில் ஹைஜீனிஸ்டின் இடைநிலை ஆண்டு வருமானம் 90,000 டாலரைத் தாண்டிவிட்டது. வாஷிங்டன் மாநிலம் 1971-லேயே மரப்பு ஊசி போடும் உரிமையைக் கொடுத்தது. பிரிட்டனில் 2013 முதல் பல் மருத்துவரின் சீட்டு இல்லாமலேயே நோயாளி நேராக ஹைஜீனிஸ்டிடம் போகலாம். இதையெல்லாம் காட்டி ஆசை மூட்டும் ஏஜெண்டுகள் ஒன்றைச் சொல்ல மாட்டார்கள்: அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில், அங்கே அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் படித்துத் தேர்வு எழுதினால்தான் உரிமம். இந்திய டிப்ளமோவோடு விமானம் ஏறினால் நேரே வேலைக்குப் போக முடியாது.

நம் ஊரில் ஏன் இடம் இல்லை என்பதற்குக் காரணம் எளிது. நாட்டில் 300-க்கும் மேற்பட்ட பல் மருத்துவக் கல்லூரிகள். ஐந்து ஆண்டு பிடிஎஸ் முடித்துவிட்டுக் குறைந்த சம்பளத்துக்கு வேலை பார்க்கத் தயாராக நிற்கும் இளம் மருத்துவர்கள் ஏராளம். அவர்களையே ஸ்கேலிங் செய்யச் சொன்னால் போதுமே என்று கிளினிக் நடத்துபவர் கணக்குப் போடுகிறார். கணக்கு அவருக்குச் சரி, நோயாளிக்கு நஷ்டம். வேர் சிகிச்சைக்கும் அறுவைக்கும் தயாரான மருத்துவருக்கு ஸ்கேலிங் என்பது இரண்டு பெரிய வேலைகளுக்கு நடுவே முடித்துவிட வேண்டிய சில்லறை வேலை. ஈறை அளப்பதும் உட்கார்ந்து சொல்லிக் கொடுப்பதும் அங்கேதான் காணாமல் போகின்றன. சில இடங்களில் படிக்காத உதவியாளர் கையில் கருவியைக் கொடுத்துவிடுவதும் நடக்கிறது. இது சட்டத்துக்கும் நோயாளிக்கும் செய்யும் துரோகம்.

சந்தை உருவாக்காத இடத்தை அரசு உருவாக்க வேண்டும். இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடியைத் தாண்டிவிட்டார்கள் என்று 2023-ல் வெளியான ஐசிஎம்ஆர் ஆய்வு சொன்னது. சர்க்கரை ஏறினால் ஈறு கெடும். ஈறு கெட்டால் சர்க்கரை கட்டுக்குள் வருவது கடினம். ஈறு நோய்க்கு முறையாகச் சிகிச்சை செய்தவர்களுக்கு மூன்று நான்கு மாதங்களில் எச்பிஏ1சி (கடந்த சில மாதங்களின் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் அளவு) சராசரியாக 0.4 சதவீதப் புள்ளி அளவுக்குக் குறைந்ததைப் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த காக்ரேன் அறிக்கை 2022-ல் காட்டியது. தமிழ்நாட்டில் 2021 முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வீடு வீடாகப் போய்ச் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை கொடுக்கிறது. அந்தப் பட்டியலில் இருப்பவர்களுக்கு ஆண்டுக்கு இருமுறை ஈறு பார்க்க, வட்ட அளவிலான அரசு மருத்துவமனைகளில் தலா ஒரு ஹைஜீனிஸ்டும் ஒரு நாற்காலியும் கேட்பது பேராசை ஆகாது. மருத்துவருக்கு ஐந்தாண்டு படிப்பு, இவருக்கு இரண்டாண்டு. செலவும் அதற்கேற்பக் குறைவுதான். 1948 சட்டத்தின் இடத்தில் தேசியப் பல் மருத்துவ ஆணையச் சட்டத்தை நாடாளுமன்றம் 2023-ல் நிறைவேற்றியிருக்கிறது. இந்தப் பணியிடங்களைப் பற்றி மாநில அரசு பேசுவதற்கு இதைவிடப் பொருத்தமான நேரம் இல்லை.

அதுவரை, படித்து முடித்து வேலை தேடுகிறவர்கள் நேர்காணலில் கூச்சப்படாமல் சிலவற்றைக் கேட்க வேண்டும். ஒரு நோயாளிக்கு எத்தனை நிமிடம்? ஈறு அளவைக் குறிக்க அட்டை இருக்கிறதா, ஆள் இருக்கிறாரா? ஒவ்வொருவருக்கும் தனியாக ஆட்டோகிளேவ் செய்த கருவித் தொகுப்பு உண்டா? க்யூரெட் தேய்ந்தால் புதிது வாங்கித் தருவார்களா? கையில் ஊசி குத்திவிட்டால் பரிசோதனைச் செலவு யாருடையது? எல்லாவற்றையும்விட, நியமன உத்தரவில் ‘உதவியாளர்’ என்று எழுதப்போகிறார்களா, ‘டென்டல் ஹைஜீனிஸ்ட்’ என்று எழுதப்போகிறார்களா? ரயில்வே போன்ற இடங்களில் பிறகு விண்ணப்பிக்கும்போது, இரண்டாண்டு அனுபவத்துக்குச் சான்றாகக் கேட்பது அந்தத் தாளைத்தான்.