மென்பந்தோடு நின்றுவிடும் நம் பிள்ளைகள்

ஞாயிறானால் நம் தோட்ட மைதானங்களில் மென்பந்து கிரிக்கெட்தான். நன்றாகப் பந்து வீசும் பையனைக் கைதட்டி மெச்சுகிறோம். அதற்குப் பிறகு?

தமிழ்நாட்டில் சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியைச் சேர்ந்தவர் நடராஜன். தந்தை தறித் தொழிலாளி, தாய் சாலையோரத்தில் கடை வைத்திருந்தார். 20 வயது வரை டென்னிஸ் பந்தில்தான் வீசினார். 2015இல் ரஞ்சிக் கிண்ணத்தில் முதல் போட்டி. அதிலேயே அவர் பந்து வீசும் முறை விதிக்கு முரணானது என்ற சந்தேகம் எழுந்தது. ஊர் மைதானத்தில் யாரும் கேட்காத கேள்வி அது!

வீசும் முறையை மாற்றிக்கொண்டு திரும்பினார். சென்னைப் பயிற்சியாளர்கள் திருத்தினார்கள். ஊர் அண்ணன் ஜெயப்பிரகாஷ் கூடவே நின்றார். 2017இல் பஞ்சாப் ஐ.பி.எல். அணி அவரை 3 கோடி இந்திய ரூபாய்க்கு எடுத்தது. 2020 டிசம்பரில் கன்பராவில் இந்தியாவுக்காக ஆடினார்.

திறமை இருந்தால் தானாக முன்னேறலாம் என்பவர்கள், அவர் ஒதுங்கியிருந்த அந்தக் காலத்தைப் பார்ப்பதில்லை. நம் பையனுக்கு அப்படி நேர்ந்தால் மறுவாரமே கொழும்பில் கடை வேலைக்குப் போயிருப்பான். லயத்து வீட்டில் வேறு வழி ஏது?

சம்பளக் கோரிக்கைதான் முதலில், அதில் மாற்றமில்லை. ஆனால் கடினப்பந்து ஆடுகளமும் ஒரு பயிற்சியாளரும் வேண்டும் என்று தோட்டக் கமிட்டிகள் அடுத்த கூட்டத்திலேயே தீர்மானம் எடுக்கலாமே.