பதினேழாம் கிலோமீற்றரில் நில்லுங்கோ

தை, மாசி மாதங்களில் யாழ்ப்பாணத்து வீதிகளில் காலையில் போய்வருகிறவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கமானது. இல்ல மெய்வல்லுநர் போட்டி நெருங்கும்போது பள்ளிக்கூடங்கள் மரதன் ஓட்டம் வைக்கும். ஓடும் தூரம் 42.195 கிலோமீற்றரில் ஒரு சிறு பங்குதான். ஆனாலும் எல்லா ஊரிலும் அதற்குப் பெயர் மரதன். பிள்ளைகள் சிலர் சப்பாத்தோடும் சிலர் வெறுங்காலோடும் ஓடி வருவார்கள். படலைகளில் வாளித் தண்ணீரோடு அம்மாமார் நிற்பார்கள். ஒருவர் தோடம்பழம் வெட்டி வைத்திருப்பார், இன்னொருவர் குளுக்கோஸ் கரைத்து வைத்திருப்பார். முதலாவதாக வருகிறவனுக்கும் கைதட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு கடைசியாக வருகிறவனுக்கும் கைதட்டு. யாருடைய பிள்ளை என்று எவரும் விசாரிப்பதில்லை.

தீவகத்தில் இருக்கும் எங்கள் சாட்டியிலும் அதே சனம், அதே படலைகள்தான். ஆனால் ஒரு வைகாசி மாதக் காலையில் முப்பத்தெட்டு வயது ஆசிரியை ஒருத்தி, இரண்டு பிள்ளைகளின் தாய், அந்த வீதியால் ஓடி வந்தபோது, முற்றம் கூட்டிக்கொண்டிருந்த ஆச்சி விளக்குமாற்றைப் போட்டுவிட்டுப் படலைக்கு ஓடி வந்து கேட்டா: "என்ன பிள்ளை, ஆருக்கும் ஏதும் சுகமில்லையோ?"

அந்த ஆசிரியை என் மனைவி. ஆச்சியை நான் குறை சொல்ல மாட்டேன். பெரிய பெண் ஒருத்தி வீதியில் ஓடினால் ஏதோ கெட்ட செய்தி என்றுதான் அவ வாழ்ந்த காலம் அவவுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் இந்தத் தீவுகளின் சனம் வீடு வாசலை விட்டு ஓடியது. 2006 ஓகஸ்ட் 13ஆம் திகதி அல்லைப்பிட்டியில் புனித பிலிப்பு நேரியார் ஆலயத்தில் தஞ்சம் புகுந்திருந்தவர்கள் மீது எறிகணைகள் விழுந்தன. உயிர் தப்பியவர்கள் ஊர்காவற்றுறைப் பக்கம் போனார்கள். அப்படிப்பட்ட மண்ணில் ஒரு பெண், துரத்துவதற்கு எவரும் இல்லாமல், தனக்கு ஆசையாக இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக ஓடுகிறாள். அவளுக்குப் பின்னால் தண்ணீர்ப் போத்தலோடு சைக்கிள் மிதித்துப் போகும்போது எனக்கு நெஞ்சு நிறைந்துவிடும்.

பள்ளிக்கூடக் காலத்தில் அவள் 1500 மீற்றர் ஓடியவள். பிறகு உயர்தரப் பரீட்சை, பல்கலைக்கழகம், வேலை, கலியாணம், பிள்ளைகள். சான்றிதழ்கள் கோவைக்குள் போயின, கோவை அலுமாரிக்கு மேலே போனது. எங்கள் ஊர்களில் எத்தனையோ பெண்களுக்கு ஓட்டம் பள்ளிச் சீருடையோடு முடிந்துபோகிறது. முல்லைத்தீவைச் சேர்ந்த அகிலத்திருநாயகி அம்மா 2023இல், 72 வயதில், பிலிப்பைன்ஸில் நடந்த மூத்தோர் தடகளப் போட்டியில் தங்கப் பதக்கங்கள் வென்று வந்தபோது நாங்கள் எல்லோரும் மகிழ்ந்தோம், மாலை போட்டோம். அந்த மாலைக்கு முந்திய எத்தனையோ காலைகளில் அவரைப் பார்த்து ஒரு நல்ல சொல் சொன்னவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள் என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு.

"இஞ்சேருங்கோ, நான் கொழும்பு ஓட்டத்துக்குப் பேர் குடுத்திட்டன்" என்று ஒரு பின்னேரம் தேத்தண்ணி தந்துகொண்டே சொன்னாள். ஐப்பசியில் நடக்கவிருந்த அரை மரதன். 21.0975 கிலோமீற்றர்.

ஓடுகிறவருக்குத் துணை நிற்பது என்றால் என்ன என்று இன்று யாராவது என்னைக் கேட்டால் முதலில் அடுப்படியைத்தான் சொல்வேன். முதன்முறை அரை மரதன் ஓடப் போகிறவருக்கு மூன்று நான்கு மாதப் பயிற்சி வேண்டும். கிழமையில் மூன்று நாளாவது ஓட வேண்டும், அதில் ஒரு நாள் நெடுந்தூரம். அந்த நேரம் எங்கிருந்து வரும்? யாழ்ப்பாணத்து வீடொன்றில் காலை நாலரையிலிருந்து ஏழு மணி வரை பெண்ணின் நேரம் அவளுடையதாக இருப்பதில்லை. புட்டு அவிப்பது, சம்பல் இடிப்பது, பிள்ளைகளை எழுப்பிக் குளிக்க வார்ப்பது, சாப்பாடு கட்டுவது எல்லாம் அதற்குள்தான். இவற்றை அப்படியே அவள் தலையில் வைத்துவிட்டு, போட்டி நாளில் மட்டும் வீதியோரம் நின்று கைதட்டினால் அது ஆதரவாகாது. அந்த மாதங்களில் அடுப்படியும் பிள்ளைகளும் என் பொறுப்பு. நெடுந்தூர ஓட்டத்தன்று நான் சைக்கிளில் பின்னால் போக வசதியாக, பிள்ளைகள் முதல் நாள் இரவே அம்மம்மா வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

சோளகக் காலம் முழுவதும் பயிற்சி நடந்தது. தீவில் இருக்கிறவர்களுக்குச் சோளகத்தைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. வைகாசியிலிருந்து புரட்டாதி வரை தென்மேற்கிலிருந்து வீசும் அந்தக் காற்று, வெட்டவெளியில் ஆளை நிற்க விடாது. சாட்டியில் சிந்தாத்திரை மாதா கோயிலடியில் தொடங்கி, வேலணையையும் புங்குடுதீவையும் இணைக்கும் வாணர் பாலத்தால் போய்த் திரும்புவது அவளுக்குப் பிடித்த பாதை. போகும்போது காற்று முகத்தில் அறையும். இரண்டு பக்கமும் கடல், ஒதுங்க ஒரு பனைகூடக் கிடையாது. திரும்பி வரும்போது அதே காற்று முதுகில் கைவைத்துத் தள்ளும். போகும் வழியில் களைத்துப்போனால் நான் பின்னாலிருந்து, "பாலம் கடந்தால் போதும், பிறகு காத்து முதுகில" என்பேன். அது எங்கள் இருவருக்கும் உரிய வாக்கியமாகிவிட்டது. ஆனியில் நயினாதீவு நாகபூசணி அம்மன் திருவிழா நாட்களில் குறிகட்டுவான் போகும் பஸ்களால் வீதி நிறைந்துவிடும். அப்போது சாட்டி வெள்ளை மணலில் ஓடினாள். மணல் கால் தசையை வருத்தும். ஆனால் அதுவும் ஒரு பயிற்சிதான்.

தண்ணீரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். உவர்நீர்க் கிணறுகள் மலிந்த தீவகத்தில் சாட்டி நன்னீருக்குப் பேர்போன இடம். அந்தத் தண்ணீரைத்தான் போத்தலில் நிரப்பிப் போவேன். ஆனால் அன்பு மிகுதியில் ஓடுகிறவருக்கு ஓயாமல் தண்ணீர் கொடுப்பதும் கெடுதல். 2002ஆம் ஆண்டு பொஸ்டன் மரதனில் 488 பேரின் இரத்தத்தைச் சோதித்த ஆய்வில், 13 சதவீதமானவர்களுக்கு உப்புச் சத்து அளவுக்குக் கீழே போயிருந்தது. அளவுக்கு மீறிக் குடித்து ஓட்டத்தின்போதே எடை கூடியவர்களுக்கு அந்த ஆபத்து அதிகமாக இருந்தது. தாகத்துக்குக் குடிக்க வேண்டும், வியர்வையோடு போன உப்பும் உடலுக்குத் திரும்ப வேண்டும். நாங்கள் ஜீவனி கரைத்து எடுத்துப் போனோம். வெளிநாட்டு ஓட்டக்காரர் பைக்கற்றில் உறிஞ்சும் இனிப்புக் களிக்குப் பதிலாக அவள் வாயில் ஒரு துண்டு பனங்கட்டியை அடக்கிக்கொள்வாள். மாவுச்சத்துக் கையிருப்பு குறைகிற நேரத்தில் தசைக்குத் தேவை சர்க்கரை. அதைப் பனங்கட்டியும் தரும்.

பெண்களின் நெடுந்தூர ஓட்டத்தைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் காட்டும் படம் ஒன்று உண்டு. 1967 ஏப்ரல் 19, பொஸ்டன் மரதன். 261ஆம் இலக்கத்தை அணிந்து ஓடிய இருபது வயது மாணவி கத்ரின் சுவிட்சரைப் பிடித்து, இலக்கத்தைப் பிய்த்தெறியப் பார்க்கிறார் போட்டி அதிகாரி ஜொக் செம்பிள். கூட ஓடிக்கொண்டிருந்த சுவிட்சரின் காதலர் டொம் மில்லர், சம்மட்டி எறியும் வீரர், தோளால் இடித்து அந்த அதிகாரியைத் தள்ளிவிடுகிறார். உலகம் கொண்டாடிய காட்சி. அதற்குப் பின் நடந்தது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. சற்று நேரத்தில் மில்லர் கோபித்துக்கொண்டு தன் பாட்டில் முன்னே ஓடிப் போய்விட்டார். கடைசி வரை சுவிட்சரின் பக்கத்தில் ஓடியவர்களில் ஒருவர் ஆர்னி பிரிக்ஸ். சுவிட்சரின் பல்கலைக்கழகத்தில் தபால் கொண்டுவந்து கொடுக்கும், ஐம்பது வயதான மனிதர். பனிக்காலம் முழுவதும் சுவிட்சரோடு ஓடிப் பயிற்சி கொடுத்தவரும் அவர்தான். பொஸ்டன் தன் கதவைப் பெண்களுக்கு முறைப்படி திறந்தது 1972இல், ஒலிம்பிக்கில் பெண்கள் மரதன் வந்தது 1984இல். ஒரு கணம் தோள் கொடுத்தவரைவிட, கூடவே கடைசி வரை ஓடிய அந்தத் தபால்காரர்தான் என் மனதில் உயர்ந்து நிற்கிறார்.

போட்டிக்கு முதல் நாள் இரவு கொழும்பில் அவள் எனக்குச் சொன்ன விசயம் இரண்டு. "முடிவில நிக்க வேண்டாம், அங்க எல்லாரும் நிப்பினம். பதினேழாம் கிலோமீற்றரில நில்லுங்கோ. இன்னும் கொஞ்சத் தூரம்தான் எண்டு மட்டும் சொல்லிப்போடாதேங்கோ."

இரண்டிலும் காரணம் உண்டு. அரை மரதனில் முதல் பத்துக் கிலோமீற்றரும் ஆர்வமே ஓட்டிச் செல்லும், கடைசி ஒன்றையும் சனத்தின் சத்தம் இழுத்துச் செல்லும். பதினைந்துக்கும் பத்தொன்பதுக்கும் இடையில்தான் தனிமை. கால் கனக்கும், வெயில் ஏறியிருக்கும், வீதியோரமும் வெறிச்சோடிக் கிடக்கும். நான்கு கிலோமீற்றர் மிச்சம் இருக்கும்போது "கொஞ்சத் தூரம்" என்பது அவள் காதுக்குப் பொய். அவளுக்கு அது இன்னும் அரை மணி நேர வேதனை.

அந்த நேரத்தில் ஒரு தெரிந்த முகம் செய்யும் வேலையை நான் வெறும் உணர்ச்சியாகப் பார்க்கவில்லை. பிரிட்டனில் 13 பேரை வைத்து நடத்தி 2014இல் வெளியான ஆய்வு ஒன்றில், சைக்கிள் மிதித்துக்கொண்டிருந்தவர்களுக்கு முகங்களின் படங்கள் கண்ணுக்குப் பிடிபடாத வேகத்தில் காட்டப்பட்டன. சிரித்த முகங்கள் காட்டப்பட்டபோது, சோக முகங்கள் காட்டப்பட்டபோதைவிடச் சராசரியாக 178 வினாடி கூடுதலாக அவர்களால் மிதிக்க முடிந்தது. சிறிய ஆய்வுதான், அதை மட்டும் வைத்துப் பெரிய முடிவு எதுவும் எடுக்க முடியாது. ஆனாலும் பார்த்ததாகவே தெரியாத ஒரு முகம் மூன்று நிமிடம் தருமென்றால், பெற்ற பிள்ளைகளின் முகம் என்ன தராது?

சொன்ன இடத்தில், சொன்ன நேரத்துக்கு முன்பே மகனும் மகளும் நானும் நின்றோம். முன்னால் வந்த முன்பின் தெரியாத ஓட்டக்காரர் ஒவ்வொருவருக்கும் பிள்ளைகள் கைதட்டினார்கள். ஒரு வயதானவர் நின்று என் மகளின் தலையைத் தடவி, சிங்களத்தில் நன்றி சொல்லிவிட்டு ஓடினார். பிறகு அவள் வந்தாள். முகம் சிவந்து, உதடு வெளுத்து, பார்வை வீதியில் குத்தி நிற்க. பிள்ளைகள் "அம்மா!" என்று கத்தியதில் தலை நிமிர்ந்தது. "பாலம் கடந்தாச்சு, இனிக் காத்து முதுகில. ஓடும், ஓடும்!" என்று நான் கத்தினேன். கொழும்பில் பாலமும் இல்லை, சோளகமும் இல்லை. ஆனால் அவள் தோள்கள் தளர்ந்தன, கை வீச்சு நீண்டது. பனங்கட்டித் துண்டை மகளின் கையிலிருந்து ஓடியபடியே வாங்கிக்கொண்டாள். இரண்டு மணி முப்பத்தெட்டு நிமிடத்தில் ஓட்டத்தை முடித்தாள். பட்டியலில் அவளுக்கு முன்னால் பலர் இருந்தார்கள். என் வாழ்நாளில் நான் இவ்வளவு பெருமைப்பட்ட நாட்கள் சிலதான்.

இப்போது அவளோடு இன்னும் இரண்டு பெண்கள் சேர்ந்து ஓடுகிறார்கள். ஒருவர் தாதி, மற்றவர் கடை வைத்திருப்பவர். எதிர்ப்படும் பெரிய தடைகள் தூரமும் வெயிலும் இல்லை. அவிழ்த்துவிட்ட நாய்கள், எரியாத வீதி விளக்குகள், உடுப்பைப் பற்றிய பேச்சு, மோட்டார் சைக்கிளை மெதுவாக்கி எதையாவது சொல்லிவிட்டுப் போகும் பெடியன்கள். இதில் எதையும் அவர்களால் பயிற்சி செய்து வெல்ல முடியாது. அது எங்கள் வேலை. சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்கு வாரக்கணக்கில் நடந்து போகிற அடியாருக்கு வழிநெடுகச் சோறும் மோரும் கொடுத்து, இரவில் படுக்கத் திண்ணையும் கொடுக்கிற சனம் நாங்கள். நெடுந்தூரம் போகிறவரை எப்படி வழியனுப்புவது என்று எங்களுக்கு எவரும் புதிதாகச் சொல்லித்தரத் தேவையில்லை.

வேலணை, புங்குடுதீவு, மண்கும்பான், அல்லைப்பிட்டி வீதியோரம் குடியிருக்கிறவர்களிடம் நான் கேட்பது இதுதான். விடிகாலையில் நாயைக் கட்டி வையுங்கள். வாசல் விளக்கைச் சற்று நேரம் எரிய விடுங்கள். ஓடி வருகிற பெண்ணைக் கண்டால் உங்கள் பள்ளிக்கூடப் பிள்ளைக்குத் தட்டியது போல இரண்டு தட்டுத் தட்டுங்கள். வீட்டில் ஒருத்தி ஓட ஆசைப்பட்டால், கணவன்மாரே, நாளைக் காலமை புட்டை நீங்கள் அவியுங்கள்.