படுக்கையருகே இருப்பவர்

வீட்டில் ஒருவர் பக்கவாதத்தில் விழுந்துவிட்டால், அன்று முதல் முடங்கிப் போகிறவர்கள் இருவர். ஒருவர் கட்டிலில் கிடக்கிறார். மற்றவர் நடமாடிக்கொண்டே முடங்குகிறார். இரண்டு மணிக்கு ஒரு தரம் புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் முதுகில் புண் வந்துவிடும். ஆகவே இரவில் அவருக்கு வாய்ப்பது கோழித் தூக்கந்தான். பெரும்பாலும் அவர் மனைவியாகவோ மகளாகவோ மருமகளாகவோ இருப்பார். சம்பளம் கிடையாது, லீவும் கிடையாது.

2019-ல் மத்திய சர்க்கார் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கின்படி, வீட்டாரைப் பராமரிக்கும் பெண்கள் அதற்காக நாளொன்றுக்கு 134 நிமிஷங்களும், ஆண்கள் 76 நிமிஷங்களும் செலவிடுகிறார்கள். குழந்தைகளைக் கவனிப்பதும் சேர்ந்த சராசரிதான் இது. படுத்த படுக்கையாக ஒருவர் கிடக்கும் வீட்டில் போய் நிமிஷக் கணக்குச் சொன்னால் சிரிப்பார்கள்!

இவர்களுக்கு உதவ வேண்டும் என்பதில் யாருக்கும் கருத்து வேற்றுமை இல்லை. என்ன உதவி, எந்த வேளையில் என்பதை யார் தீர்மானிப்பது? தகராறு அங்கேதான் இருக்கிறது.

1950-களில் அமிருதசரஸ் மனநோய் ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டர் வித்யா சாகர், நோயாளிகளின் உறவினரை ஆஸ்பத்திரித் திடலிலேயே கூடாரம் போட்டுத் தங்கச் செய்தார். 1957-ல் தொடங்கிய வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையமும் குடும்பத்தாரை உடன் தங்க வைத்தது. வாசற்படிக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்கள் உள்ளே வந்தபோது வைத்தியத்துக்கே பலம் கூடியது.

கேரளம் இன்னும் ஒரு படி மேலே போயிற்று. 1993-ல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில், வலி தணிக்கும் சிகிச்சைக்கென ஒரு சங்கம் ஏற்பட்டது. பிறகு மலப்புறம் முதலிய ஜில்லாக்களில் அந்தப் பொறுப்பில் ஊராரே பங்கேற்றனர். தொண்டர்கள் வீடு வீடாகச் சென்று பார்த்தார்கள். டாக்டரின் சீட்டில் வலிக்கு மருந்து இருந்தது. அடுப்பிலோ உலை இல்லை. சம்பாதிக்கிறவர் படுத்துவிட்டதால் பிள்ளைகளின் படிப்பு நிற்கும் நிலை. ஆகவே அரிசியும் பள்ளிச் செலவும் சிகிச்சைத் திட்டத்தில் சேர்ந்தன. கேட்டிராவிட்டால் இது எந்த நிபுணருக்குத் தோன்றியிருக்கும்? 2008-ல் கேரள சர்க்கார் இதைத் தன் கொள்கையாகவே அறிவித்தது.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டு 5-ந் தேதி கிருஷ்ணகிரி ஜில்லாவில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம், மாத்திரையையும் இயன்முறைச் சிகிச்சையையும் வீட்டுக்கே கொண்டு வந்தது. பாராட்ட வேண்டிய காரியம். ஆனால் வீடு தேடி வருகிறவர்கள் எந்த வேளையில் வந்தால் சௌகரியம் என்று அந்த வீட்டாரை யாராவது கேட்கிறார்களா? வயல் வேலைக்குப் போகும் மருமகளுக்குக் காலை பத்து மணி உபயோகமற்ற வேளை. கை காலை எப்படி நீட்டி மடக்குவது என்று பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டியவளே அப்போது வீட்டில் இருக்க மாட்டாள்.

“நோயாளிக்கு வைத்தியம் தெரியுமா?” என்று கேட்பவர்கள் உண்டு. தெரியாமல் இருக்கலாம். ஆனால் நாள் முழுவதும் கட்டிலில் கிடந்தபடி தன்னைப் பார்த்துக்கொள்கிறவளைப் பார்த்துக்கொண்டிருப்பவர் அவரே. அவள் இன்று சாப்பிட்டாளா, இடுப்பு வலியோடு தூக்குகிறாளா என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். அவள் வாய் திறந்து சொல்லமாட்டாள். சொன்னால் அவர் மனம் நோகும் என்று மறைப்பாள். அவரோ, அவளுக்குப் பாரம் கூடுமே என்று தம் வலியை மறைப்பார். இருவரையும் கேட்டால்தான் முழுச் சங்கதி வெளிவரும். மகள் கையால் குளிப்பாட்டிக்கொள்ளக் கூசும் தகப்பனுக்கு, வாரம் இருமுறை ஓர் ஆண் உதவியாளர் வந்தாலே போதுமானதாக இருக்கலாம். அதற்குப் பெரிய செலவும் இல்லை.

இது புதுமையான கோரிக்கையும் அல்ல. 2017-ம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டம், மாநில மனநல ஆணையத்தில் மனநோய் கண்டவர்களின் பிரதிநிதிகள் இருவரும், பராமரிப்போரின் பிரதிநிதிகள் இருவரும் அங்கத்தினராக இருக்க வேண்டுமென்று விதிக்கிறது. மனநோய்க்கு ஒப்புக்கொண்ட நியாயம் பக்கவாதத்துக்கும் புற்றுநோய்க்கும் ஏன் ஆகாது? சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் நோயாளர் நலச் சங்கங்கள் இருக்கின்றன. அவற்றில் அதிகாரிகளுக்கும் பிரமுகர்களுக்கும் நாற்காலி போடும்போது, இந்த இருவருக்கும் இரண்டு நாற்காலி போடட்டும்.

கிராம சபையிலும் இதற்கென ஒரு மணி நேரம் ஒதுக்கலாம். ஒரே ஒரு சிக்கல்: படுத்திருப்பவரைத் தனியே விட்டுவிட்டு அவள் சபைக்கு வர முடியாது. அன்று அந்தக் கட்டிலருகே உட்கார ஓர் ஆளை அனுப்புவது பஞ்சாயத்தின் பொறுப்பு. கட்டிலில் இருப்பவரின் பேச்சைக் கேட்டு எழுதி வர வேண்டியதும் அந்த ஆள்தான்.