சோதனையும் மரியாதையும்

2001ஆம் ஆண்டு செப்டெம்பர் 11ஆந் திகதி அமெரிக்காவில் நிகழ்ந்த கொடுமைக்குப் பின்னர் விமானநிலையச் சோதனை உலகெங்கும் கடுமையாயிற்று. அஃது இன்றியமையாததே, மறுப்பாரிலர். ஆயினும், சக்கர நாற்காலியினின்றும் எழ இயலாத மூதாட்டியை ஏனையோர்போற் கைதூக்கி நிற்கச் சொல்வது முறையாகுமா? முழந்தாளில் உலோகம் பொருத்தப்பெற்ற முதியவர், கருவி ஒலிக்குந்தோறும் பலர் பார்க்க ஐயத்துக்கு ஆளாதல் தகுமா?

எல்லாரையும் சமமாக நடத்துதல் வேறு. ஒரே வகையாக நடத்துதல் வேறு. 75 வயதும் அதற்கு மேலும் உடையோர் பாதணி கழற்ற வேண்டியதில்லை என்னும் சலுகையை அமெரிக்க அதிகாரிகள் 2012இல் வழங்கினர். 2025இல் அது பிறர்க்கும் பொதுவாயிற்று. புறத்தே தோன்றாத குறைபாடுடையோர் சூரியகாந்திப் பூப்பொறித்த பச்சை நாடாவைக் கழுத்திலணிந்து தம் தேவையைக் குறிப்பாலுணர்த்தும் வழக்கம், 2016இல் இலண்டன் கட்விக் நிலையத்தில் தொடங்கிப் பிற நாடுகளுக்கும் பரவிற்று. காவலும் கனிவும் ஒன்றற்கொன்று பகையல்ல என்பதற்கு இவை சான்றாம்.

தொடுமுன் ஒரு சொல், அமர ஓர் ஆசனம், மறைவான அறையிற் சோதனை: இவற்றுக்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. முதுமை எவரையும் விடுவதன்று. இத்தகைய பணிகளில் அமரவிருக்கும் மாணவரும், வரிசையிற் பொறுமையிழக்கும் நாமும் இதனை மறவாதிருப்போமாக.