ஜெனரேட்டர் வச்ச கார்: எலக்ட்ரிக்கா? ஹைபிரிட்டா?

1/
"பேட்டரி கார்தான் சார். உள்ளே குட்டியா ஒரு பெட்ரோல் ஜெனரேட்டர் இருக்கு. சார்ஜ் தீர்ந்தா அது ஓடி கரண்ட் கொடுக்கும். ஆனா சக்கரத்தைச் சுத்துறது எப்பவுமே மோட்டார்தான்."

இந்த வகைக்கு ரேஞ்ச் எக்ஸ்டெண்டர் என்று பெயர். இதை எலக்ட்ரிக் கார்னு சொல்லலாமா, ஹைபிரிட்னு சொல்லணுமா?

என் பதில்: ஹைபிரிட். ஏன்னு சொல்றேன்.

2/
டாக்டருக்கு இதுல என்ன வேலைன்னு கேட்பீங்க.

வீசிங்கோடு வரும் குழந்தைக்கும், நாலு படி ஏறினாலே மூச்சு வாங்கும் தாத்தாவுக்கும் நெபுலைசர் வைக்கிறது எங்க தினசரி வேலை. வெளிக்காற்று மாசை புற்றுநோய் உண்டாக்கும் காரணிகளின் முதல் பிரிவில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2013-லேயே சேர்த்துவிட்டது.

எலக்ட்ரிக் காருக்கு அரசு ஏன் வரிச்சலுகை தருது? ஓடும்போது புகை விடாது என்பதும் அதில் முக்கியக் காரணம். அப்போ அந்தப் பெயர் யாருக்குப் போகுது என்பது நம்ம நுரையீரல் சம்பந்தப்பட்ட விஷயமும்தான்.

3/
முதல்ல எதிர்த்தரப்பு வாதத்தைப் பார்ப்போம்.

"இன்ஜினுக்கும் சக்கரத்துக்கும் தொடர்பே இல்லை. சக்கரத்தைச் சுற்றுவது மோட்டார் மட்டும். அதனால் இது எலக்ட்ரிக்."

கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா நம்ம ஊர் டீசல் ரயில் இன்ஜினும் அப்படித்தாங்க. உள்ளே டீசல் இன்ஜின் ஜெனரேட்டரைச் சுத்துது. அந்தக் கரண்ட்ல ஓடும் மோட்டார்தான் சக்கரத்தைச் சுத்துது. அதை யாராவது எலக்ட்ரிக் ரயில்னு சொல்றோமா? டீசல் இன்ஜின்னுதானே சொல்றோம்!

4/
இன்னொரு உதாரணம். நிசான் நிறுவனம் 2016-ல் ஜப்பானில் நோட் காரில் இ-பவர் என்ற அமைப்பைக் கொண்டு வந்தது. அதிலும் சக்கரத்தைச் சுத்துறது மோட்டார் மட்டும்தான். ஆனா சார்ஜ் போட ப்ளக்கே கிடையாது. முழு சக்தியும் பெட்ரோலில் இருந்துதான் வருது.

"மோட்டார் சுத்தினா எலக்ட்ரிக்" என்றால், பங்கில் மட்டுமே வயிறு நிரப்பும் இந்தக் காரும் எலக்ட்ரிக் ஆகிவிடும். ஆக, அந்த அளவுகோல் சரியில்லை.

கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: அந்த மோட்டாருக்கு சோறு போடுறது யாரு?

5/
இதை ஒழுங்கா யோசிச்சு விதி போட்ட இடம் ஒண்ணு இருக்கு. அமெரிக்காவின் கலிஃபோர்னியா.

அங்குள்ள காற்று வள வாரியம் 2012-ல் இந்த மாதிரி கார்களுக்கென்றே தனிப் பிரிவு உருவாக்கியது. பி.இ.வி.எக்ஸ் என்று பெயர். முக்கிய நிபந்தனைகள்:

✅ பேட்டரியில் மட்டும் குறைந்தது 75 மைல், அதாவது சுமார் 120 கிலோமீட்டர் ஓடணும்.
✅ பெட்ரோலில் ஓடும் தூரம், பேட்டரியில் ஓடும் தூரத்தைத் தாண்டக்கூடாது.
✅ பேட்டரி தீரும் நிலைக்கு வந்த பிறகே ஜெனரேட்டர் ஸ்டார்ட் ஆகணும்.

அதாவது ஜெனரேட்டர் ஸ்டெப்னி டயர் மாதிரி இருக்கணும். ஐந்தாவது சக்கரமா ஓடக்கூடாது.

6/
இந்தப் பிரிவுக்குள் வந்த கார்தான் பிஎம்டபிள்யூ ஐ3 ரெக்ஸ். ஸ்கூட்டர் வகையிலிருந்து எடுத்த 647 சிசி இன்ஜின். வெறும் 9 லிட்டர் டேங்க். அமெரிக்காவில் அதையும் முழுசா பயன்படுத்த முடியாதபடி மென்பொருளால் கட்டுப்படுத்தி விற்றார்கள். பெட்ரோல் தூரம் பேட்டரி தூரத்தைத் தாண்டிடக் கூடாதே!

7/
இதுக்கு ஒரு விலையும் இருந்தது. ஆரம்ப மாடலில் மோட்டார் 170 குதிரைத்திறன், ஜெனரேட்டர் இன்ஜின் 34 குதிரைத்திறன். பேட்டரி கிட்டத்தட்ட காலியான பிறகுதான் ஜெனரேட்டர் ஸ்டார்ட் ஆகும். நீண்ட மேட்டில் வேகமாக ஏறும்போது செலவுக்கு வரவு ஈடு கொடுக்காது. நடுவழியில் வேகம் குறையுதுன்னு வாங்கியவர்கள் புகார் சொன்னார்கள்.

நிஜமான பேக்கப் என்றால் இப்படித்தான் இருக்கும். நம்ம வீட்டு இன்வெர்ட்டரில் ஃபேன் ஓடும், ஏசி ஓடாது. அதே கதை.

8/
இப்போது வரும் கார்கள் பல அப்படி இல்லை. மஸ்டா 2023-ல் கொண்டு வந்த எம்எக்ஸ்-30 காரின் ஜெனரேட்டர் மாடலைப் பாருங்க. பேட்டரியில் 85 கிலோமீட்டர். பெட்ரோல் டேங்க் 50 லிட்டர். இதை ஸ்டெப்னின்னு சொன்னா நம்புவீங்களா?

இந்த வகைக் கார்கள் அதிகம் விற்கும் சீனாவிலேயே, ஷாங்காய் நகரம் 2023 ஜனவரி 1 முதல் இவற்றுக்கும் ப்ளக்-இன் ஹைபிரிட்டுகளுக்கும் இலவச நம்பர் பிளேட் கொடுப்பதை நிறுத்திவிட்டது. சலுகை முழு பேட்டரி கார்களுக்குத்தான் என்று சொல்லிவிட்டார்கள்.

9/
"ப்ளக் இருக்கே, சார்ஜ் போட்டுத்தானே ஓட்டுவாங்க?" என்று கேட்கலாம்.

ஐரோப்பிய ஆணையம் 2024-ல் வெளியிட்ட நிஜ ஓட்டத் தரவைப் பாருங்க. ப்ளக் உள்ள ஹைபிரிட் கார்கள் பரிசோதனைக் கூடத்தில் காட்டிய கார்பன் டை ஆக்சைடு அளவைவிட, சாலையில் சராசரியாக சுமார் 3.5 மடங்கு அதிகம் வெளியிட்டிருக்கின்றன. எதிர்பார்த்த அளவுக்கு மக்கள் சார்ஜ் போடவில்லை என்பது முக்கியக் காரணம்.

ப்ளக் இருப்பது வேறு. சொருகுவது வேறு. மாத்திரை வாங்கிட்டுப் போறவங்க எல்லாரும் மாத்திரை சாப்பிடுறதில்லை. இது எங்களுக்கு நல்லாவே தெரியும் 🙂

10/
நம்ம நாட்டு நிலவரம் என்ன?

எலக்ட்ரிக் காருக்கு ஜிஎஸ்டி 5%. 2025 செப்டம்பர் 22-க்குப் பிறகு ஹைபிரிட் என்றால் சிறிய காருக்கு 18%, பெரிய காருக்கு 40%. பச்சை நம்பர் பிளேட்டும் முழு எலக்ட்ரிக் வண்டிக்குத்தான்.

ஜிஎஸ்டி அறிவிப்பில் எலக்ட்ரிக் வண்டிக்கு உள்ள விளக்கத்தின் சாரம் இது: வெளியிலிருந்து வரும் மின்சாரத்திலோ, வண்டியில் பொருத்திய பேட்டரியிலோ மட்டுமே ஓடும் வண்டி.

"ஜெனரேட்டர் பேட்டரிக்குத்தானே கொடுக்குது, வண்டி பேட்டரியில் மட்டும்தானே ஓடுது" என்று ஒரு கெட்டிக்கார வக்கீல் வாதிடலாம். 5%-க்கும் 40%-க்கும் நடுவில் இருக்கும் பணம் லட்சக்கணக்கில். வாதம் வராமல் இருக்காது. என்னைப் பொறுத்தவரை பேட்டரி ஒரு குடம். குடத்தை யார் நிரப்பினாங்க என்பதுதான் கணக்கு. விளக்கத்தில் அதையும் தெளிவா எழுதிட்டா பிரச்சினை தீர்ந்தது.

11/
எங்க கேஸ் ஷீட்டில் ஒரு பழக்கம் உண்டு.

"சிகரெட்டை விட்டாச்சு டாக்டர். டென்ஷன் ஆனா மட்டும் ஒண்ணு" என்பார் நோயாளி. நாங்க புகைப்பவர் என்றுதான் எழுதுவோம்.

அது அவரைத் திட்டுறதுக்கு இல்லை. 20-லிருந்து ஒண்ணுக்கு வந்ததைப் பாராட்டிட்டுத்தான் எழுதுவோம். அடுத்து பார்க்கும் டாக்டருக்கும் மயக்க மருந்து கொடுப்பவருக்கும் உண்மை தெரியணும், அவ்வளவுதான்.

காருக்கும் அதேதான். ஹைபிரிட் என்பது வசவுச் சொல் இல்லை.

12/
பெயர் சரியா இருக்க இன்னொரு காரணம், உயிர்.

எலக்ட்ரிக் கார்தானேன்னு மூடிய ஷெட்டில் ஏசி போட்டு உட்கார்ந்திருக்கும்போது இன்ஜின் தானாக ஸ்டார்ட் ஆனால்? வருவது கார்பன் மோனாக்சைடு. நிறம் இல்லை, வாசனை இல்லை. ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஹீமோகுளோபினைப் பிடித்துக்கொள்ளும். தலைவலி, மயக்கம், அப்புறம் எழுந்திருக்கவே முடியாது.

பெட்ரோல் இன்ஜின் உள்ள எந்த வண்டியும் மூடிய இடத்தில் ஆன் நிலையில் இருக்கக்கூடாது. பெயரில் எலக்ட்ரிக் என்று போட்டிருந்தாலும் சரி.

13/
அப்போ இந்தக் காரை வாங்கவே கூடாதா? அப்படி இல்லை.

வீட்டில் சார்ஜ் போட வசதி இருக்கு, தினமும் 40 கிலோமீட்டர் ஓட்டம், வருஷத்துக்கு ரெண்டு தடவை சொந்த ஊர். இவருக்கு இது அருமையான கார். பெரும்பாலான நாள் ஒரு சொட்டு பெட்ரோல் எரியாது.

சார்ஜ் போட இடமே இல்லாத அடுக்குமாடி வாசிக்கு இதுவே பேட்டரி சுமக்கும் பெட்ரோல் கார்.

14/
ஷோரூமில் கேட்க வேண்டியவை:

👉 பேட்டரியில் மட்டும் எத்தனை கிலோமீட்டர்?
👉 டேங்க் எத்தனை லிட்டர்?
👉 ஜெனரேட்டர் எப்போது ஸ்டார்ட் ஆகும்? வண்டி நிற்கும்போதும் ஓடுமா?
👉 பேட்டரி தீர்ந்த பிறகு ஒரு லிட்டருக்கு எவ்வளவு மைலேஜ்?
👉 ஆர்சி புத்தகத்தில் எரிபொருள் என்ன என்று பதிவாகும்?

15/
சுருக்கமாகச் சொன்னால்,

சக்கரத்தைச் சுற்றுவது யார் என்பதை வைத்துப் பெயர் வைக்க வேண்டாம். சக்தி எங்கிருந்து வருது என்பதை வைத்து வையுங்கள். புகைக்குழாய் இருந்தால் அது ஹைபிரிட். அதில் நல்ல ஹைபிரிட்டும் உண்டு, பெயருக்கு ப்ளக் வைத்த ஹைபிரிட்டும் உண்டு. சலுகை கொடுக்கணும்னா, கலிஃபோர்னியா மாதிரி நிபந்தனை போட்டு, நல்லதுக்கு மட்டும் தனியா ஒரு பிரிவில் கொடுக்கட்டும்.

வரிச்சலுகை நம்ம எல்லோருடைய பணம். அதை வாங்கிட்டு புகை விடுற வண்டிக்கு எலக்ட்ரிக்னு பேர் வைக்க நாம சம்மதிக்க வேண்டியதில்லை.