படகைக் கட்ட இடம் எங்கே?



தேம்ஸ் ஆற்றுப் படகுச் சுற்றுலா பற்றிய கட்டுரை படித்தேன். கரையழகை ரசித்து எழுதியவர், சாயங்காலம் படகைக் கட்ட இடம் தேடி அலையும் பாட்டை விட்டுவிட்டார். டெடிங்டனுக்கு மேலே, கடல் ஓதம் எட்டாத பகுதியில், வந்துபோகும் படகுகளுக்கென்று விட்டிருக்கும் கரைகள் பலவற்றில் 24 மணி நேரம்தான் கணக்கு. அறிவிப்புப் பலகையும் உண்டு. அதற்கு நேர் கீழேயே கயிற்றில் பாசி படர்ந்து, கூரையில் விறகு அடுக்கி, வாரக்கணக்கில் நகராத படகு நிற்கும்! இடம் கிடைக்காதவர் சேற்றுக் கரையில் இரும்பு முளை அடித்துக் கட்ட வேண்டியதுதான். பக்கத்தில் ஒரு படகு வேகமாகப் போனால் முளை பிடுங்கிக்கொண்டு வந்துவிடும்.

நகராதவர்கள் எல்லோரும் அடாவடிக்காரர்கள் அல்லர். லண்டன் வாடகை கட்டுப்படியாகாமல் படகிலேயே குடித்தனம் நடத்துகிறவர்கள் அவர்களில் உண்டு. நீரோட்டம் மிகுந்து லாக்குகளில் (படகை ஏற்றி இறக்கும் நீர்க்கதவுகளில்) சிவப்புப் பலகை வைத்துவிட்டால், யாரையும் கிளம்பச் சொல்வது ஆபத்தும்கூட. அந்த நாட்களைக் கழித்துவிட்டு, மற்ற நாட்களில் அதிகாரிகள் நேரக் கணக்கைக் கறாராகப் பார்க்கட்டும். குடியிருப்போருக்கு வேறு கரை ஒதுக்கிய பிறகு.

கட்டுரையாளர் அடுத்த முறை ஆகஸ்ட் மாதச் சனிக்கிழமை, மாலை ஆறு மணிக்கு மேல் வந்து பார்க்கட்டும்.

– ஒரு வாசகர், கிங்ஸ்டன், இங்கிலாந்து